பாலிஷ் டப்பாவும் சிறைச்சுவரும்

இந்த மாதம் முழுவதும் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸையே வாசித்துக்கொண்டிருக்கிறேன். 1824இல், கடனைத் திருப்பித் தர முடியாத தந்தை லண்டன் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்ட நாள்களில், 12 வயதுச் சிறுவனான அவர் தேம்ஸ் நதியோரம் எலிகள் ஓடும் பழைய கட்டடமொன்றில் இயங்கிய ஷூ பாலிஷ் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். டப்பாவை எண்ணெய்த் தாளால் மூடி, அதன்மேல் நீலத் தாளைப் போர்த்தி, நூலால் கட்டி, ஓரங்களைச் சீராகக் கத்தரித்து, லேபிள் ஒட்ட வேண்டும். நாள் முழுவதும் அதுவே வேலை. பிள்ளைகளிடம்கூடச் சொல்லாத அந்த வேதனையை 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலில் மதுப்புட்டிக் கிடங்குச் சிறுவனின் கதையாக மாற்றினார். அது அவருடைய சொந்த அனுபவம் என்பதை, 1870இல் அவர் இறந்த பிறகு நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியாகவே உலகம் அறிந்தது.

1843இல் வெளியான 'எ கிறிஸ்துமஸ் கரோல்' கதை வழியாக, அதன் நாயகனான 'ஸ்குரூஜ்' என்ற பெயர் ஆங்கிலத்தில் கருமியைக் குறிக்கும் சொல்லாகவே நிலைத்துவிட்டது. ஆனாலும் என் மனம் அவருடைய 'லிட்டில் டாரிட்' நாவலிடமே திரும்பத் திரும்பச் செல்கிறது. சிறைக்குள்ளேயே பிறந்து வளரும் அதன் நாயகியை, மார்ஷல்சீயின் கதவுகளைச் சிறுவயதில் கண்டவரால்தான் அவ்வளவு கனிவோடு எழுதியிருக்க முடியும். அச்சிறையின் நீண்ட செங்கல் சுவரொன்று லண்டனின் சதக் பகுதியில் இன்றும் நிற்கிறது.