அச்சில் இருந்த 1860

"இப்படி எழுதறதுக்கு நீங்க ஞாயித்துக்கிழமை வரவே வேண்டியதில்லையேம்மா."

நான் சொன்னது இவ்வளவுதான். குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்தப் பெண் "சரிங்க சார்" என்றார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

தொலைநிலைக் கல்வியில் பட்டம் படிக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கிறேன். நான் அப்படிச் சொன்னது ஒரு அசைன்மெண்ட் விஷயத்தில். வரலாற்றுத் தாளில் வேலூர்ப் புரட்சி பற்றி ஒரு கேள்வி. திருத்த உட்கார்ந்தால் முதல் பேப்பரில் 1860 ஜூலை 10 என்று இருந்தது. கை தவறியிருக்கும் என்று சுழித்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். அதிலும் 1860. எண்ணிப் பார்த்தால் பதினொரு பேப்பர். ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு விற்கிற ரெடி அசைன்மெண்டில் 1806 புரண்டு 1860 ஆகியிருக்கிறது. 1857 கிளர்ச்சிக்கு இது முன்னோடி என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்கிறது; மூன்று வருஷம் கழித்து நடந்தது எப்படி முன்னோடியாகும் என்று பதினொரு பேரில் ஒருவருக்குக்கூட உறுத்தவில்லை.

பதினொன்றில் ஒன்று அந்தப் பெண்ணுடையது. அதுதான் என்னைச் சுட்டது. சேர்ந்தவர்கள் 42 பேர். முதல் ஞாயிறு 19 பேர் வந்தார்கள், நான்காவது ஞாயிறு மூன்று பேர். அந்த மூன்றில் ஒருவர் இவர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வீடு சேர ராத்திரியாகும். துணி துவைக்கவும் தூங்கவும் இருக்கிற ஒரே நாளில் இங்கே வந்து முதல் பெஞ்சில் உட்காருவார். வந்த முதல் நாளே கேட்டது, இந்தப் பட்டத்தை வைத்து குரூப் 2 எழுதலாமா என்றுதான். பத்தும் பிளஸ் டூவும் முடிக்காமல் நேராகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கினால் அரசு வேலைக்குச் செல்லாது என்ற 2009 அரசாணையை யாரோ சொல்லிப் பயமுறுத்தியிருந்தார்கள். நீங்கள் பிளஸ் டூ முடித்தவர், உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை என்றேன். அன்று அவர் முகம் தெளிந்தது எனக்கு நினைவிருக்கிறது.

வேலூரை நடத்தியதும் அந்த மூன்று பேருக்குத்தான். 1806 என்று போர்டில் போட்டு, "1857க்கு 51 வருஷம் முன்னாடி" என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் நோட்டில் எழுதியதையும் பார்த்தேன். அதனால்தான் கேட்டேன்.

"இது நீங்களா எழுதினதாம்மா?"

"கை என்னோடதுதாங்க சார்."

"போர்டுல 1806னு போட்டேனே?"

"நோட்ல இருக்குங்க சார். ஆனா அதுல 1860ன்னு அச்சுல போட்டிருந்துச்சுங்க. அச்சுல இருக்கறத நான் எப்படிங்க சார் மாத்தறது?"

அதற்குப் பிறகுதான் மேலே சொன்ன வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

அன்றைக்கு அவர் பதில் எனக்குச் சமாளிப்பாகத்தான் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை. சேரும் நாளிலேயே நாங்கள் சொல்வது என்ன? தொலைநிலைக் கல்வியில் பாடப் புத்தகம்தான் ஆசிரியர், வகுப்புக்கு வருவது கட்டாயமில்லை. அவர் அச்சை நம்பினார். கடைக்காரர் ஸ்பைரலுக்கும் பாடப் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. யாரும் என்றால், நான்தான்.

ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. அசைன்மெண்டுக்கு 30, தேர்வுக்கு 70. பார்த்து எழுதியதற்கு மார்க் போட்டால் அந்த 30க்கு என்ன மரியாதை? பத்து நாள் தருகிறேன், சொந்தமாக எழுதிக் கொடுங்கள் என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்தேன். நியாயம்தானே?

நியாயமாக இருந்திருக்கும், மீதிப் பத்துப் பேருக்கும் அதையே செய்திருந்தால். செய்யவில்லை. அந்தப் பத்தில் ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. தெரியாத ஆளிடம் என்ன கோபம்? தலைக்குப் பதினாறு, பதினேழு என்று போட்டு அனுப்பிவிட்டேன். வகுப்புப் பக்கமே வராத பத்துப் பேருக்கு மார்க் கிடைத்தது. வந்தவருடைய பேப்பர்தான் திரும்பிப் போனது. அவர் வந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. என் வகுப்பைவிட ஜெராக்ஸ் கடை பெரிதாகிவிட்டதே என்ற ரோஷம்.

பயிற்சியில் மைக்கேல் மூர் என்பவரின் கருத்து ஒன்றைச் சொல்லித்தந்தார்கள். தொலைநிலைக் கல்வியில் தூரம் என்பது கிலோமீட்டர் கணக்கல்ல, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே பேச்சு குறையக் குறைய அது கூடும் என்பது சாரம். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் இருந்தோம், ஒரு மேசை அகலத்தில்.

சக ஆசிரியரிடம் சொன்னேன். "கரஸ்ல பாதிப் பேர் இப்படித்தான் சார் காணாமப் போவாங்க, நீங்க ஏன் தலையில தூக்கி வச்சுக்கறீங்க" என்றார். இருக்கலாம். ஒன்றரை ஷிப்ட் போட்டிருப்பார்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்திருக்கலாம். நான் சொன்னதை அவர் திட்டாகவே எடுத்துக்கொள்ளாமல், வரத் தேவையில்லையாம், நல்லதாய்ப் போயிற்று என்று ஞாயிற்றுக்கிழமை தூங்கியிருக்கவும் கூடும். இதை நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது. உடனே, அப்படியானால் மறுபடி எழுதி ஏன் தரவில்லை என்றும் தோன்றுகிறது.

ஒரு தடவை போன் செய்தேன். பின்னால் மெஷின் சத்தம். "பார்க்கறேங்க சார்" என்றார். மூன்று வருஷப் படிப்பை ஆறு வருஷத்துக்குள் முடிக்கலாம் என்பதால் அவருடைய பதிவு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மறுபடி போன் செய்யவில்லை. என்ன சொல்லிப் பேச்சை ஆரம்பிப்பது?

இந்த வருஷ அசைன்மெண்ட் கட்டு போன வாரம் வந்தது. கடைக்காரர் இன்னும் திருத்தவில்லை. ஏழு பேப்பரில் 1860. சிவப்பு மையில் 1806 என்று மாற்றி, மார்க் போட்டு, கட்டி வைத்துவிட்டேன். அந்த ஏழில் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர் யாராவது இருக்கிறாரா என்று வருகைப் பதிவேட்டைப் பார்க்கவில்லை.