பரேலி முதல் நைனிடால் வரை: கிளெமெண்டினா பட்லர் அம்மையாரின் வழித்தடத்தில்

கிளெமெண்டினா ரோ பட்லர் என்ற பெயரை நம் சபைகளில் அறிந்தவர்கள் மிகச் சிலரே. பரேலியில் உள்ள மிஷன் மருத்துவமனை கிளாரா ஸ்வைன் அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. லக்னோவில் உள்ள பெண்கள் கல்லூரி இசபெல்லா தோபர்ன் அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த இருவரையும் இந்தியாவுக்கு அனுப்பி வைத்த சங்கம் உருவாவதற்கு முன்னின்று உழைத்தவர் கிளெமெண்டினா. மருத்துவரோ ஆசிரியையோ அல்லாத அவர், மெதடிஸ்ட் மிஷனெரி ஒருவரின் மனைவி. எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வேத ஆராய்ச்சிக் கூட்டமொன்றில் அவருடைய வாழ்க்கையைப் பேசக் கேட்ட நாளிலிருந்தே, அவர் வாழ்ந்த ஊர்களைப் போய்ப் பார்த்து, அங்கே முழங்காற்படியிட்டு நன்றி செலுத்தி வர வேண்டும் என்ற ஆசை எங்களுக்குள் வளர்ந்துகொண்டே இருந்தது. கர்த்தருடைய கிருபையால் அது இந்த ஆண்டு நிறைவேறியது.

கிளெமெண்டினா 1820-ஆம் ஆண்டு அயர்லாந்தின் வெக்ஸ்போர்டில் பிறந்தவர். அமெரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் சபையின் போதகரான வில்லியம் பட்லரை மணந்து, 1856-இல் அவரோடு இந்தியாவுக்குப் புறப்பட்டார். அச்சபைக்கு இந்தியாவில் அதுவரை ஓர் ஊழியக் களமும் இல்லை. எங்கே தொடங்குவது என்பதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பே பட்லருடையதாக இருந்தது. மூத்த பிள்ளைகள் இருவரைப் படிப்புக்காக அமெரிக்காவிலேயே விட்டுவிட்டு, இளைய பிள்ளைகளோடு அவர்கள் கல்கத்தாவில் வந்து இறங்கினார்கள். பெற்ற பிள்ளைகளைக் கடலுக்கு அப்பால் விட்டுவந்த அந்தப் பிரிவை இன்று எளிதாக ஒரு வாக்கியத்தில் எழுதிவிடலாம். வீட்டிலிருந்து கடிதம் வந்துசேர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது என்பதை நினைத்தால்தான் அதன் பாரம் புரியும்.

அந்த ஆண்டு டிசம்பரில் அவர்கள் குடியேறிய ஊர் பரேலி. ரோகில்கண்ட் பகுதியின் தலைநகரான அவ்வூரில்தான் எங்கள் யாத்திரையும் தொடங்கியது. ரயிலை விட்டு இறங்கி, சூர்மா என்ற கண்மையும் சரிகை வேலையும் விற்கும் கடைத்தெருக்களைக் கடந்து சிவில் லைன்ஸ் பகுதிக்குள் நுழைந்ததும் சாலைகள் அகலமாகின்றன, மரநிழல் கூடுகிறது. முதல் நாள் மாலையில் அங்கே ஒரு மரத்தடியில் நின்றபடியே நாங்கள் 1857-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை ஒருவருக்கொருவர் வாசித்துக்கொண்டோம். பட்லர் குடும்பம் வந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், மீரட்டில் தொடங்கிய கிளர்ச்சியின் செய்தி பரேலியை எட்டியது. கருவுற்றிருந்த மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு உடனே மலைமேல் உள்ள நைனிடாலுக்குப் போய்விடும்படி படை அதிகாரிகள் பட்லரை வற்புறுத்தினார்கள். மே 18-ஆம் தேதி இரவு அவர்கள் புறப்பட்டார்கள். மே 31, ஞாயிற்றுக்கிழமை, பரேலியில் கிளர்ச்சி வெடித்தது. அவர்களுடைய வீடும் புத்தகங்களும் நெருப்புக்கு இரையாயின. முளைவிட்டுக்கொண்டிருந்த அந்தச் சிறு சபையைச் சேர்ந்த மரியா என்ற பெண் அன்று கொல்லப்பட்டார். சபையின் முதல் இந்தியப் போதகரான ஜோயலும் அவருடைய மனைவி எம்மாவும் கைக்குழந்தையோடு கால்நடையாகத் தப்பினார்கள். மிஷனெரி சரித்திரங்களில் மரியாவைப் போன்றவர்களுக்கு ஒரு வரியே கிடைக்கிறது. ஆகையால் அன்றைய ஜெபத்தில் அவருடைய பெயரையே முதலில் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்தினோம்.

மறுநாள் காலையில் நைனிடாலுக்குப் புறப்பட்டோம். பரேலிக்கு வடக்கே சமவெளி முடியும் இடத்தில், மலையடிவாரம் நெடுகத் தராய் என்ற ஈரக்காடு பரந்து கிடக்கிறது. இன்று அதன் பெரும்பகுதி கரும்பு வயலாகவும் நெல் வயலாகவும் மாறிவிட்டது. அன்று அது புலிகளும் மலைக்காய்ச்சலும் ஆண்ட காடு. பட்லர் குடும்பம் தப்பிச்சென்ற வழியில், நள்ளிரவில் அந்தக் காட்டின் விளிம்பில் டோலி தூக்கிகள் மேற்கொண்டு நகர மறுத்துவிட்டார்கள். எவ்வளவு சொல்லியும் பயனில்லாமல் பட்லர் சற்றே ஒதுங்கி நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டு ஜெபித்தார். அவர் திரும்பி வந்து பார்த்தபோது, யாரும் வற்புறுத்தாமலேயே அவர்கள் டோலியைத் தோளில் ஏற்றி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். இதைப் பட்லரே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். நான் அதை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் டோலிக்குள் இருந்தவரிடமே போய் நிற்கும். வெளியே நடக்கும் வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளை அணைத்தபடி, வயிற்றில் ஒரு குழந்தையோடு அந்த இருட்டில் இருந்த கிளெமெண்டினா என்னவென்று ஜெபித்திருப்பார்!

காத்கோதாம் ரயில் நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் மலைப்பாதை. ஒவ்வொரு வளைவிலும் சமவெளி கீழே போய்க்கொண்டே இருக்க, தேவதாரு மரங்களின் மணம் வண்டிக்குள் வரத் தொடங்கியதும், எங்களோடு வந்த மூத்த அக்கா ஒருவர் யாரும் கேட்காமலே 121-ஆம் சங்கீதத்தைச் சொல்ல ஆரம்பித்தார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். பிள்ளைப் பருவத்திலிருந்து மனப்பாடமாய்ச் சொல்லிவந்த அந்தச் சங்கீதம், உண்மையான பர்வதங்களுக்கு நேராகக் கண்களை ஏறெடுத்துச் சொன்னபோது நெஞ்சை நிறைத்தது.

நைனிடாலின் மேற்கோடியான மல்லிடாலில், ஏரிக்கரைச் சாலையில் மெதடிஸ்ட் ஆலயம் இருக்கிறது. 1858-இல் தொடங்கப்பட்ட ஆலயம் அது. கிளர்ச்சியால் தஞ்சம் தேடி வந்த இடமே ஊழியக் களமாகி, முதலில் ஓர் ஆட்டுக்கொட்டிலைச் சுத்தம் செய்து அதில் ஆராதனை நடத்தியிருக்கிறார்கள். பிறகுதான் கல்லால் ஆலயம் எழும்பியது. இந்திய மெதடிஸ்ட் சபையின் மிகப் பழைய ஆலயங்களில் இதுவும் ஒன்று. கருத்த கற்சுவரும், கூம்பிய சன்னல்களும், மர இருக்கைகளுமாக ஆலயம் எளிமையாகவே இருக்கிறது. இருக்கைகளின் மேல்விளிம்பு, எழுந்து நிற்கும்போது தலைமுறை தலைமுறையாகப் பிடித்த கைகளால் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. அதைத் தொட்டபடி நாங்கள் அதிக நேரம் உட்கார்ந்திருந்தோம். வெளியே சுற்றுலாப் பயணிகளின் சந்தடி. சற்றுத் தள்ளி நைனா தேவி கோயில் மணியோசை. உள்ளே எங்கள் தமிழ்ப் பாமாலை.

கிளர்ச்சி அடங்கியபின் பட்லர் தம்பதியர் மீண்டும் சமவெளிக்கு இறங்கினார்கள். 1860-61-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளை மிஷன் ஏற்றுக்கொண்டது. சிறுமியருக்கான விடுதி பரேலியில் அமைந்தது. அந்த ஆண்டுகளில்தான் கிளெமெண்டினா ஒரு தடையை நேருக்கு நேர் கண்டார். பர்தாவுக்குள் வாழ்ந்த பெண்களின் வாசலை எந்த ஆண் மிஷனெரியும் எந்த ஆண் மருத்துவரும் தாண்ட முடியாது. பிரசவ வேதனையிலும் காய்ச்சலிலும் அவர்கள் மருத்துவம் கிடைக்காமலே மடிந்தார்கள். எழுத்தறிவும் அவர்களை எட்டவில்லை. மிஷனெரிகளின் மனைவிமார் தங்கள் குடும்ப வேலைகளுக்கிடையே செய்த ஊழியம் அந்தத் தேவைக்குப் போதவில்லை. இதற்கென்றே பயின்ற பெண்கள், திருமணமாகாத மருத்துவர்களும் ஆசிரியைகளும் வர வேண்டும் என்ற பாரத்தோடு அவர் அமெரிக்கா திரும்பினார்.

ஊர் திரும்பியவர்கள் கண்டதை மெல்ல மறந்துவிடுவது உலக இயல்பு. கிளெமெண்டினா மறக்கவில்லை. 1869-ஆம் ஆண்டு மார்ச் மாதம், இந்தியாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த லோயிஸ் பார்க்கர் என்ற மற்றொரு மிஷனெரியின் மனைவியும் அவரும் பாஸ்டனில் சந்தித்தார்கள். மார்ச் 23 அன்று டிரெமாண்ட் தெரு ஆலயத்தில் பெண்களின் கூட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அன்று கடும் மழையும் காற்றும். கூடியவர்கள் எட்டுப் பெண்களே. ஆனாலும் கூட்டத்தை ஒத்திவைக்காமல் அவர்கள் அன்றே பெண்கள் அயல்நாட்டு மிஷனெரி சங்கத்தை அமைப்பதென்று தீர்மானித்தார்கள்.

ஏற்கனவே இருந்த மிஷனெரி சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கு, இதனால் தங்களுக்கு வரும் பணம் குறைந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தது. ஆகவே ஆராதனைகளிலும் பொதுக் கூட்டங்களிலும் பெண்கள் சங்கத்துக்காகக் காணிக்கை எடுக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு வந்தது. பெண்கள் அதையும் ஏற்றுக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு சென்ட்டும் ஒரு ஜெபமும் என்ற எளிய ஒழுங்கை வைத்தார்கள். ஆண்டுக்கு ஒரு டாலர் கொடுப்பவர் சங்கத்தின் உறுப்பினர். சோறு பொங்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துக் காணிக்கைக் கலயத்தில் போட்ட நம் பாட்டிமாருக்கு இந்த ஒழுங்கு புதிதாகத் தோன்றியிராது. விதவையின் இரண்டு காசைக் கண்டு பாராட்டிய ஆண்டவர், இந்த இரண்டு சென்ட்டுகளையும் கண்டார் என்றே நான் விசுவாசிக்கிறேன். மே மாதத்திலேயே சங்கத்துக்கென ஒரு மாத இதழும் தொடங்கியது. ஆண்டுச் சந்தா 30 சென்ட்.

மே மாதம் நடந்த பொதுக் கூட்டத்தில் இசபெல்லா தோபர்னின் பெயர் வந்தது. அனுப்ப ஆள் இருந்தது. கையில் பணம் இல்லை. அப்போது எழுந்த ஒரு பெண்மணி, பணமில்லை என்று இவரை இழப்பதைவிட, நாம் விலையுயர்ந்த உடைகளை விட்டு வெறும் சீட்டித்துணி உடுத்திப் பாஸ்டன் தெருக்களில் நடப்போம் என்ற கருத்தில் பேசினார். அந்தப் பேச்சோடு தயக்கம் அகன்றது. நவம்பர் 3-ஆம் தேதி இசபெல்லாவும், பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் அவ்வாண்டுதான் பட்டம் பெற்றிருந்த கிளாரா ஸ்வைனும் நியூயார்க்கிலிருந்து கப்பலேறினார்கள். மழை நாளில் எட்டுப் பேர் கூடியதற்கும் அந்தக் கப்பல் புறப்பட்டதற்கும் இடையே எட்டு மாதம்கூட ஆகவில்லை.

இந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் மலையிலிருந்து இறங்கி, மீண்டும் பரேலிக்கு வந்து மருத்துவமனை வளாகத்துக்குள் நுழைந்தோம். கிளாரா 1870 ஜனவரியில் பரேலியை அடைந்தார். மார்ச் மாதத்திலேயே அவர் மருத்துவ வகுப்பைத் தொடங்கியபோது, மாணவியராக உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் அந்தச் சிறுமியர் விடுதியில் வளர்ந்த பெண்கள்! பஞ்சத்தில் அநாதைகளான பிள்ளைகள் மருத்துவம் கற்று, 1873-இல் அவர்களில் 13 பேர் தேர்ச்சி பெற்றார்கள். மருத்துவமனைக்கு இடம் வேண்டி கிளாராவும் மற்ற மிஷனெரிகளும் ராம்பூர் நவாப் கல்ப் அலி கானிடம் சென்றார்கள். தம் ஊருக்குள் மிஷனெரிகளை விரும்பாதவர் என்று பெயர் பெற்றிருந்த அவர், பரேலியில் மிஷன் வளாகத்தை ஒட்டியிருந்த தம்முடைய பெரிய தோட்டத்தையும் வீட்டையும் பெண்களுக்கான மருத்துவமனை என்று கேட்டதுமே தானமாகக் கொடுத்துவிட்டார். 1874 ஜனவரியில் மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆசியாவின் முதல் பெண்கள் மருத்துவமனை என்று இதைச் சொல்வார்கள். ஒரு முஸ்லிம் நவாபின் நிலமும், பாஸ்டன் பெண்களின் இரண்டு சென்ட்டுகளும், பரேலி அநாதைச் சிறுமியரின் கைகளும் சேர்ந்து எழும்பிய வீடு அது.

தாழ்வாரத்து பெஞ்சில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு மூதாட்டி மருமகளோடு உட்கார்ந்திருந்தார். மடியில் மருந்துச்சீட்டும், துணியில் சுற்றிய ரொட்டியும். “மகளே, எங்கிருந்து வருகிறீர்கள்?” என்று இந்தியில் கேட்டார். தமிழ்நாட்டிலிருந்து, இந்த மருத்துவமனைக்காக ஜெபிக்க வந்தோம் என்று எங்களில் இந்தி தெரிந்தவர் சொன்னதும், “என் பிள்ளைகளை இங்கேதான் பெற்றேன்” என்று சொல்லி, அருகில் இருந்தவரின் கையைப் பிடித்துத் தம் தலையில் வைத்துக்கொண்டார். நாங்கள் அப்படியே சூழ்ந்து நின்று அவருக்காகவும் அவர் மருமகளுக்காகவும் தமிழிலேயே ஜெபித்தோம். இந்த யாத்திரையில் என் உள்ளத்தை மிகவும் தொட்ட வேளை இதுதான்.

பிறகு லக்னோ. அங்கே 1870 ஏப்ரலில் அமீனாபாத் கடைத்தெருவின் ஓர் அறையில், தடியோடு ஒரு காவலாளி வாசலில் நிற்க, ஆறு சிறுமியரோடு இசபெல்லா தொடங்கிய பள்ளி 1886-இல் கல்லூரியாக வளர்ந்தது. 1901-இல் காலராவால் இறந்த அவருடைய உடல் அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. கல்லூரி முன்றிலில் நின்று ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

கிளெமெண்டினாவின் பிற்கால வாழ்வையும் சொல்லிவிட வேண்டும். 1873-இல் அவரும் கணவரும் மெக்சிகோவுக்குச் சென்று அங்கே மெதடிஸ்ட் ஊழியத்தைத் தொடங்கினார்கள். 1899-இல் வில்லியம் பட்லர் காலமானார். 1906-இல் இந்திய மெதடிஸ்ட் ஊழியத்தின் பொன்விழா பரேலியில் நடந்தபோது, 86 வயதான கிளெமெண்டினா கடல் கடந்து வந்து அதில் கலந்துகொண்டார். ஒருகாலத்தில் இரவோடு இரவாக டோலியில் தப்பிச்சென்ற ஊருக்கு, மருத்துவமனையும் பள்ளிகளும் இறையியல் கல்லூரியும் சபைகளும் நிறைந்த ஊராக அதைக் காண வந்தார். 1913-இல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் முன்னின்று அமைத்த சங்கத்தின் வழிவந்த பெண்கள் அமைப்பு இன்றும் அமெரிக்காவில் இயங்கி, 2019-இல் தன் 150-ஆம் ஆண்டைக் கொண்டாடியது.

சென்னைக்குத் திரும்பும் ரயிலில், மாலை ஜெபம் முடிந்தபின் எங்கள் சங்கத்தின் காரியதரிசி ஒரு யோசனையை முன்வைத்தார். பிரசவத்துக்கு வந்து கட்டணம் செலுத்த வழியில்லாத தாய்மாருக்காக, மிஷன் மருத்துவமனை ஒன்றுக்கு ஒவ்வொரு ஆண்டும் எங்கள் சங்கம் காணிக்கை அனுப்ப வேண்டும்; அதைப் பெரிய தொகையாக ஒருவரிடம் கேட்காமல், ஒவ்வொருவரும் வாரந்தோறும் வீட்டில் சிறிது எடுத்துவைத்து, எடுத்துவைக்கும்போதே பெயர் தெரியாத ஒரு தாய்க்காக ஜெபிக்க வேண்டும். எல்லாரும் ஆமென் என்றோம். அடுத்த மாதக் கூட்டத்தில் அதற்கான உண்டியல்களைப் போதகர் ஜெபித்துக் கொடுக்க இருக்கிறார்.