அந்த ஒன்பது பேர் எங்கே?

"ஊர் பூரா வரி ஏய்ப்பு" என்று கோபமாகப் பதிவு போடுகிறோம். ஏய்ப்பவருக்கு அது உறைக்கவா போகிறது? ஒழுங்காகக் கட்டுகிறவர்தான் படித்துவிட்டு, 'அப்போ நான் மட்டும் இளிச்சவாயனா?' என்று யோசிப்பார்.

பிரிட்டன் வரித்துறை 2011இல் இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தது. பாக்கி வைத்திருந்தவர்களுக்குப் போன கடிதத்தில், 'பத்தில் ஒன்பது பேர் உரிய நேரத்தில் கட்டிவிடுகிறார்கள்' என்ற பொருளில் ஒரு வாக்கியம் சேர்த்தார்கள். அவ்வளவுதான். மிரட்டாமலே கூடுதல் பேர் பணத்தைக் கட்டினார்கள்.

நம் டைம்லைனில் அந்த ஒன்பது பேர் கண்ணிலேயே படுவதில்லை. வரி கட்டிய ரசீதை யார் ஷேர் செய்கிறார்கள்? (செய்தாலும் பீற்றல் என்போம்.) குண்டும் குழியுமான சாலைப் படம்தான் ஓடும்.

அதற்காக எல்லாமே வெட்டிக் கூச்சல் என்று சொல்ல மாட்டேன். 2024 ஜூனில் கென்ய இளைஞர்கள் வரிகளை ஏற்றவிருந்த நிதி மசோதாவைப் பிரித்துப் படித்து, டிக்டாக்கில் எளிமையாக விளக்கி, ஹேஷ்டேக்கோடு வீதிக்கு வந்தார்கள். ரொட்டிக்கு 16 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) என்ற திட்டம் முதலில் கைவிடப்பட்டது. பல உயிர்கள் பலியான பிறகு, மசோதாவில் கையெழுத்திட மாட்டேன் என்று அதிபர் ரூட்டோவே அறிவித்தார். மீம் போட்டதோடு நின்றிருந்தால் இது நடந்திருக்காது.