எள் விதைப்புக் கால ஆய்வு: நாஞ்சில் நாட்டு வயலில் செய்யப்போகும் உழவியல் மாணவர்களுக்கு

கும்பப்பூ என்ற இரண்டாம் போக நெல்லை அறுத்த வயலில் எள்ளுக்குக் கிடைக்கிற இடைவெளி சிறியது. எள்ளின் வயது 80 முதல் 90 நாள். பிப்ரவரி 10-இல் விதைத்தால் 85-ஆம் நாள் மே 6. மார்ச் 12-இல் விதைத்தால் ஜூன் 5. அது தென்மேற்குப் பருவமழை இறங்கும் நேரம். முற்றிய காய் நனைந்து விதை கறுத்துப்போகும். அடுத்த போக நெல்லான கன்னிப்பூவுக்கும் வயல் தேவைப்படும். இந்த இரண்டு தேதிகளையும் சேர்த்துப் பத்துப் பத்து நாள் இடைவெளியில் நான்கு விதைப்பு வைத்தாலே வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

நான்கு தேதிக்கு மூன்று ரெப்ளிகேஷன் (ஒவ்வொரு தேதியையும் மூன்று முறை திரும்ப வைப்பது) போதாது. ஆர்பிடி முறையில், அதாவது தொகுதிக்குள் பாத்திகளைக் குலுக்கி ஒதுக்கும் அமைப்பில், பிழைக்கான டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (பிழையை மதிப்பிடக் கிடைக்கும் தனித்த ஒப்பீடுகளின் எண்ணிக்கை) 6 தான் வரும். ஐந்து வைத்தால் 12 வரும். முடிவை நம்பிச் சொல்லலாம்.

பாத்தி 4.5 × 3 மீட்டர், இடைவெளி 30 × 30 செ.மீ. எக்டேருக்கு 5 கிலோ விதை என்ற கணக்கில் ஒரு பாத்திக்கு ஏறத்தாழ 7 கிராம். பத்து வரிசைக்குப் பிரித்தால் வரிசைக்கு முக்கால் கிராம்கூட வராது. உள்ளங்கையில் ஒரு சிட்டிகை. அப்படியே தூவினால் ஒரு முனையில் குவியும், மறுமுனை வெறுமையாகும். நான்கு பங்கு உலர்மணல் கலந்து தூவுங்கள், 3 செ.மீ.க்கு மேல் ஆழம் போகக் கூடாது. 15-ஆம் நாள் 15 செ.மீ.க்கும், 30-ஆம் நாள் 30 செ.மீ.க்கும் ஒரு செடி நிற்கும்படி மிகுதியைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள்.

பெரும்பாலும் கெடுவது மூன்று இடங்களில். முதலாவது, எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில் அளப்பது. அளவீடு விதைத்த நாளிலிருந்து 30, 45, 60 என்று அந்தந்தப் பாத்திக்குத் தனித்தனியாக நடக்க வேண்டும். கலைப்பும் உரமும் அப்படியே. இரண்டாவது தண்ணீர். ஏலாவில் (வயல்வெளியில்) பக்கத்துப் பாத்தியின் பாசனம் கசிந்து இளம்பயிரின் வேரில் நின்றால், எள் தாங்காது. பாத்திக்கு இடையே வரப்போடு வடிகாலும் வெட்டுங்கள். மூன்றாவது பூ இலையாகும் நோய். முந்தி விதைத்த பயிரில் பெருகிய தத்துப்பூச்சி பிந்திய பயிருக்குத் தாவும். அந்தச் செடிகளைத் தனியாக எண்ணிப் பதியாவிட்டால், நோயால் வந்த இழப்பும் தேதியின் கணக்கில் ஏறிவிடும்.

அறுவடைக்கு நாள் எண்ண வேண்டாம். அடியிலிருந்து பத்தாவது காயைப் பிளந்து பாருங்கள். விதை பழுப்பாகியிருந்தால் அறுக்கலாம். வெள்ளையாக இருந்தால் பொறுங்கள். மேல்காய் முற்றட்டும் என்று அதையும் தாண்டிக் காத்திருந்தால் அடிக்காய் வெடித்து விதை மண்ணோடு போகும். ஓர வரிசையையும் ஓரச் செடியையும் நீக்கினால் மகசூல் அளக்கும் நிகரப் பரப்பு 9.36 சதுர மீட்டர். அதில் 600 கிராம் கிடைத்தால் எக்டேருக்கு 641 கிலோ.

வாய்மொழித் தேர்வில் "பிந்தி விதைத்ததால் மகசூல் குறைந்தது" என்று மட்டும் சொன்னால் அடுத்த கேள்வி "ஏன்" என்றுதான் வரும். தேதி தானாக எதையும் குறைப்பதில்லை. முளைப்பு முதல் பூ வரை, பூ முதல் காய் வரை, காய் முதல் முற்றல் வரை என்று மூன்று கட்டத்துக்கும் மழையையும் வெப்பநிலையையும் பிரித்து அட்டவணை போடுங்கள். பிந்திய பயிர் பூத்தபோது கோடை இடிமழை எத்தனை நாள் பெய்தது, செடிக்கு எத்தனை காய் குறைந்தது, ஆயிரம் விதை எடை மாறியதா என்று அதே வரிசையில் சொல்லுங்கள். எள் குறும்பகல் பயிர், அதாவது பகல் குறுகினால் சீக்கிரம் பூப்பது என்பதால் மார்ச், ஏப்ரலில் பகல் நீள்வதையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கும்.