மகளுக்கு முல்லை என்று பெயர் பதிந்த கதை

பிறப்பைப் பதிய 42 நாள் இருக்கிறது என்று ஆறுதலாக இருந்தோம். அதில் 38 நாள் வீட்டுச் சண்டையிலேயே போய்விட்டது.

பிள்ளை பிறந்தது வவுனியா ஆஸ்பத்திரியில். என் ஊர் முல்லைத்தீவுப் பக்கம், தண்ணீரூற்று. பிறந்த இடத்துப் பதிவாளரிடம்தான் பதிய வேண்டும். அத்தாட்சிப்பத்திரத்தில் வவுனியா என்றுதான் வரும். சரி, ஊர் பெயரிலாவது இருக்கட்டும் என்று ‘முல்லை’ என்றேன். நட்சத்திரமும் கைகொடுத்தது. மகம் மூன்றாம் பாதம். ம, மி, மு, மெ என்று எண்ணினால் எங்களுக்கு வந்த எழுத்து ‘மு’.

மாமிக்குப் பிடிக்கவில்லை. “ஊர்ப் பேரை ஆரும் பிள்ளைக்கு வைப்பினமோ?” யாழ்ப்பாணத்தை நினைத்து யாழினி என்று வைக்கிறவர்களிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அத்தான் ஒருவர் எண்சாத்திரம் பார்க்கிறவர். ஆங்கில எழுத்தில் கூட்டினால் 18 வருகிறதாம், கூடாதாம். இன்னொரு ‘ஏ’ சேர்த்தால் 19, அது நல்லதாம். சேர்த்து வாசித்தால் ‘முல்லாய்’ என்று வந்தது. விட்டுவிட்டோம்.

அம்மம்மாதான் கஷ்டம். இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம், “முல்லைத்தீவு எண்டாலே எல்லாருக்கும் 2009 தானே ஞாபகம் வரும், பிள்ளை” என்றார். முல்லை அதற்கெல்லாம் முந்தியது என்றேன். தீவு என்று பெயரே தவிர எங்கள் ஊர் தீவில்லை. ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் நந்திக்கடல். ஆனால் முல்லை பொருந்தும். காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, வன்னி வேறென்ன? (எங்கள் காட்டில் நிற்பதென்னவோ பாலை மரம். பாலைப்பழம் தின்று உதடு ஒட்டித்தான் வளர்ந்தோம்.) முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். அதை மட்டும் நான் அம்மம்மாவுக்குச் சொல்லவில்லை. 2009க்குப் பிறகு மாமாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை; இன்றும் இரவில் படலையைப் பூட்ட அம்மம்மா விடுவதில்லை.

39ஆம் நாள் ஆஸ்பத்திரி தந்த படிவம், எங்கள் விவாகப் பதிவுப் பத்திரம், அடையாள அட்டைகள் எல்லாவற்றோடும் போனோம். பதிவாளர் ஓய்வுக்குக் கிட்டிய வயதுக்காரர். “முல்லை... அவ்வளவுதானோ? பின்னால செல்வி, தேவி ஒண்டும் இல்லையோ?” என்றார். இல்லை என்றோம். ஒரு தரம் சிரித்துவிட்டு, எழுத்தெழுத்தாக எழுதினார். மற்றபடி அரை மணித்தியால வேலைதான்.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளில் ஏறும்போதுதான் இவர் பத்திரத்தைப் பார்த்தார். “என்னப்பா, எழுத்து ஒரு மாதிரி இருக்கு?” பார்த்தேன். ‘லை’க்கு முன்னால் கொம்பு இல்லை; தலைக்கு மேலே யானைத் தும்பிக்கைபோல் ஒரு சுழி. பழைய லை. திருத்தச் சொல்வோமா என்று கேட்டார். வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றேன்.

அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தச் சுழியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, மாமாவின் பிறப்பு அத்தாட்சிப்பத்திரத்தை எடுத்து வந்தார். மடிப்பெல்லாம் கிழிந்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பிறந்த இடம்: முல்லைத்தீவு. அதிலும் அதே தும்பிக்கை லை.

“திருத்த வேண்டாம்” என்று சொல்லி, இரண்டையும் ஒன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தார்.