இரண்டு ஆர்.எக்ஸ். வண்டிகளைக் கலைத்து ஒன்றைக் கட்டியது

அப்பா 1994இல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ்.100, சென்ற ஆடி மாதம் ஓர் இரவில் விழுப்புரம் புறவழிச்சாலை ஓரம், பின்விளக்கு இல்லாமல் நின்றிருந்த டிராக்டர் டிரெய்லரில் போய் மோதியது. ஓட்டியது நான்தான். என் முழங்காலில் ஆறு தையல். வண்டிக்கு என்ன ஆயிற்று என்று குனிந்து பார்க்கவே மூன்று வாரம் ஆகிவிட்டது.

பார்த்தவரையில் பயப்படும்படி இல்லை. ஹெட்லைட் நொறுங்கியிருந்தது, ஃபோர்க் பின்னோக்கி வளைந்திருந்தது, முன் ரிம் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. எல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கிற சாமான்கள். டேங்கைக் கழற்றிய பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. நெக்கும் (ஹேண்டில் சுழலுகிற கழுத்துக் குழாய்) மேல் குழாயும் சேருகிற இடத்தில் பெயின்ட், ஆறிய பாலின் ஆடைபோலச் சுருங்கி மடிந்திருந்தது. மண்ணெண்ணெய் துணியால் துடைத்தேன். மடிப்புக்குள் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். நெக்கில் பொறித்திருந்த சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கத்துக்குக் கீழேயே அது ஓடியது.

மெக்கானிக் அண்ணன் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. கடையில் கிடந்த நேரான ஃபோர்க்கையும் சக்கரத்தையும் மாட்டி, நூல் பிடிக்கச் சொன்னார். பின் டயரின் இருபுறமும் தொட்டபடி நூலை முன்சக்கரம் வரை இழுக்க வேண்டும். பின் டயர் 2.75, முன் டயர் 2.50. வித்தியாசம் கால் அங்குலம். எனவே முன் டயரின் இரண்டு பக்கமும் நூலுக்கும் ரப்பருக்கும் நடுவில் சுமார் 3 மி.மீ. இடைவெளி இருந்தால் வண்டி நேர். என் வண்டியில் இடப்பக்கம் நூல் டயரில் படுத்துக்கொண்டது, வலப்பக்கம் ஒரு விரலே நுழைந்தது. நெக் பின்னால் தள்ளப்பட்டது மட்டுமல்ல, ஒரு பக்கமாகத் திரும்பியும் இருந்தது.

அதன் பிறகு ஊரில் ஆளுக்கொரு யோசனை. சூடுகாட்டி இழுத்து நிமிர்த்தித் தருகிறேன் என்றார் ஒருவர். ஸ்டாண்டு வளைந்திருந்தால் அதைச் செய்யலாம். நெக் விஷயத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒருமுறை மடிந்த குழாயைச் சூடாக்கி மறுபடி நிமிர்த்தினால் அது பழைய குழாய் இல்லை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முழு பாரமும் வந்து இறங்குவதும் அதே இடத்தில்தான். இன்னொருவர், வெறும் சேசிஸ் ஒன்று வாங்கி அதில் பழைய எண்ணையே குத்திக்கொள்ளலாம் என்றார். அது குற்றம். அதைச் சொல்லும்போது அவர் குரலைக்கூடத் தாழ்த்தவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆக, பழைய வண்டியை நல்ல சேசிஸுக்கு மாற்றுவது என்ற நினைப்பை விட்டேன். சட்டத்தின் கண்ணில் வண்டி என்பது அந்த எண்தான். மற்றதெல்லாம் அதில் மாட்டிய சாமான். எனவே திருப்பிப் போட்டுக் கணக்குப் பார்த்தேன்: நல்ல சேசிஸும் உயிருள்ள ஆர்.சி. புத்தகமும் இருக்கும் இன்னொரு ஆர்.எக்ஸை வாங்குவது, அதற்கு அப்பாவின் வண்டியிலிருந்து நல்லதையெல்லாம் கொடுப்பது.

ஐப்பசியில் திண்டிவனம் பக்கம் ஓர் ஆர்.எக்ஸ்.135 கிடைத்தது. நான்கு கியர் வண்டி. எஞ்சின் பிடித்துப்போய், கிக்கரில் ஏறி நின்றாலும் அசையாத நிலை. விலை படிந்ததும் அதனால்தான். எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் நெக்கைப் பார்த்தேன். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணை எடுத்தேன். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில், சுற்றிலும் அரம் போட்ட தடம் இல்லாமல் இருந்தன. புத்தகத்தோடு ஒத்துப்போனது. நூல் பிடித்துப் பார்த்தேன்: இருபுறமும் 3 மி.மீ. அன்றே முன்பணம் கொடுத்துவிட்டேன். பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய இரண்டு படிவங்களிலும் விற்றவரை என் கண்முன் கையெழுத்துப் போட வைத்துத்தான் வண்டியை ஏற்றினேன்.

இப்போது முற்றத்தில் இரண்டு வண்டிகள். எதை எதிலிருந்து எடுப்பது?

முதல் ஆசை, அப்பாவின் 100 எஞ்சினைத் தூக்கி 135 சேசிஸில் வைப்பது. ஆசைக்குக் காரணம் இருக்கிறது. இரண்டு எஞ்சினும் ஒரே குடும்பம். இரண்டிலும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ., போர்தான் (சிலிண்டரின் உள் விட்டம்) வேறு. 100இல் 50 மி.மீ., 135இல் 58 மி.மீ. கணக்குப் போட்டால் 98 சி.சி.யும் 132 சி.சி.யும் வரும். ஆனால் ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணும் சி.சி.யும் இருக்கின்றன. முன் அனுமதி வாங்காமல் மாற்றினால், நெக் எண்ணில் காட்டிய நேர்மை இங்கே போய்விடும். எனவே ஒரு விதி வைத்துக்கொண்டேன். எஞ்சின், கார்புரேட்டர், சைலன்ஸர் மூன்றும் 135உடையவை, அவற்றைப் பிரிப்பதில்லை. இரண்டும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்ஸர் புகை போகும் குழாய் மட்டும் அல்ல. உள்ளே எதிரொலித்துத் திரும்பும் அழுத்த அலை, வெளியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள் திரும்பத் தள்ளுகிறது. அதன் நீளமும் வயிறும் அந்தந்த எஞ்சினுக்கு அளந்து செய்தவை. சத்தத்துக்காக மாற்றுபவர்கள் உண்டு. எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும், ஆனாலும் வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

முன்பகுதி முழுக்க 135இலிருந்து, ஏனென்றால் மோதியது மற்றது. ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), பின்சக்கரம், பின் மட்கார்டு, சீட், டேங்க் எல்லாம் அப்பாவின் வண்டியிலிருந்து.

எழுதும்போது இரண்டு வரி. செய்யும்போது ஸ்விங் ஆர்ம் போல்ட் மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றது. 135இல் அந்த நீள போல்ட்டும் உள்ளே இருந்த இரும்புப் புஷ்ஷும் துருவால் ஒன்றாகிவிட்டிருந்தன. நட் கழன்றது, போல்ட் சுற்றியது, வெளியே மட்டும் வரவில்லை. சனிக்கிழமை இரவு டீசல் ஊற்றி வைத்தேன். காலையில் மரக்கட்டை வைத்து அடித்தேன். மர முனைதான் பூவாக விரிந்தது. சுத்தியலால் நேராக அடித்தால் போல்ட்டின் மரை நசுங்கி, பிறகு எந்த வழியிலும் வராது. மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்து, நட்டைப் போல்ட்டின் முனைக்குச் சமமாகத் திருகி வைத்து, அதன்மேல் அடிக்கச் சொன்னார். அடி நட்டின் மேல் விழும், மரை தப்பும். அடுத்த ஞாயிறு புளோ லாம்ப்பால் சூடுகாட்டி, ஆறவிட்டு, மறுபடி டீசல் விட்டு, நாலாவது சுற்றில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். இரண்டு மி.மீ. நகர்ந்திருந்தது. அந்த இரண்டு மி.மீ.க்கு நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

நெக்கில் ஹேண்டில் சுழல உதவும் குண்டுகளும் கிண்ணங்களுமான கோன் செட்டைப் புதிதாகவே போட்டேன். சென்னை புதுப்பேட்டைக்குப் போன ஒரு நாளில் அதையும் ஃபோர்க் சீலையும் பிஸ்டனையும் சேர்த்து வாங்கிவந்திருந்தேன். குண்டுகளை கிரீஸில் ஒட்டவைத்து நெக்கை ஏற்றும்போது ஒன்று குறைந்தது. முற்றம் முழுக்கக் காந்தத்தை இழுத்துக்கொண்டு தேடினேன். என் செருப்பின் அடியில், கிரீஸோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. முறுக்குவதற்கு என் அளவு இதுதான்: முன்சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போது ஹேண்டிலை நடுவிலிருந்து ஒரு விரலால் தள்ளினால், தன் எடையிலேயே ஓரத்துக்குச் சாய வேண்டும். ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் லொடலொடப்பு இருக்கக் கூடாது.

எஞ்சின் விஷயம் நினைத்ததைவிடச் சுலபம். ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றியதும் பிஸ்டனில் சைலன்ஸர் பக்கம் நாலு கோடுகள், நகத்தில் தட்டின. சூடு அதிகம் ஏறுவதும் எண்ணெய் குறைந்தால் முதலில் பிடிப்பதும் அந்தப் பக்கம்தான். லேத் பட்டறைக்காரரிடம் சிலிண்டரை மட்டும் கொண்டுபோனேன். “முதலில் பிஸ்டனைக் கொண்டு வாருங்கள் தம்பி, அதை அளந்துதான் போர் பண்ண வேண்டும்” என்று திருப்பி அனுப்பினார். 0.25 மி.மீ. பெரிய பிஸ்டன் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் கோட்டின் ஆழத்தைப் பார்த்துவிட்டு 0.50 என்றார். அதற்காகத்தான் அந்தப் புதுப்பேட்டைப் பயணமே.

எண்ணெய் ஏன் குறைந்தது என்று பார்க்காமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் பிடிக்கும். எஞ்சினுக்கு எண்ணெயைத் தானாகவே ஊட்டும் ஆட்டோலூப் பம்ப்புக்கு வரும் குழாய், எண்ணெய் டேங்கின் அடியில் சேறுபோல அடைத்திருந்தது. பம்ப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஓட்டுங்கள் என்பது ஊர் வழக்கம். நான் பம்ப்பை விட்டுவைத்தேன். டேங்கைக் கழுவி, குழாயை மாற்றி, பம்ப்பின் காற்றுத் திருகைத் திறந்து குமிழி இல்லாமல் எண்ணெய் வரும்வரை காத்திருந்தேன். நம்பிக்கைக் குறைவால் முதல் இரண்டு லிட்டர் பெட்ரோலிலும் எண்ணெய் கலந்தேன். புகை தெருவையே மூடியது, யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை.

டேங்க் முன் ரப்பர்களில் சரியாக உட்கார்ந்தது. பின்பக்கம் ஒரு வாஷர் கூடுதலாக வைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பெயின்ட் அடிக்க அப்பா விடவில்லை. இடப்பக்கம் பால் கேன் உரசிய தழும்பு அப்படியே இருக்கிறது. பக்கவாட்டுக் கவர் 135உடையதையே மாட்டினேன். அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், “நூறு எங்கேப்பா?” என்றார். சாக்கில் சுற்றி மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கும் எஞ்சினைக் காட்டினேன்.

பழைய சேசிஸுக்கான எழுத்து வேலையும் உண்டு. இனி ஓட முடியாத அளவுக்கு வண்டி சேதமானால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி 14 நாளுக்குள், இல்லாவிட்டால் முடிந்த சீக்கிரத்தில், பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தையலும் தயக்கமுமாக நான் தாமதமாகத்தான் போனேன். விண்ணப்பம் கொடுத்தாயிற்று. பதிவு ரத்தாகும்வரை சேசிஸ் கொட்டகையில் தொங்குகிறது, பழைய இரும்புக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டுப் போனார்.

வண்டி மூன்றாவது உதையில் எழுந்தது. இதுவரை 212 கி.மீ. ஓட்டியிருக்கிறேன், 45ஐத் தாண்டாமல். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்கட் நிறம். நேற்று மறுபடி நூல் பிடித்தேன், இடம் 3, வலம் 3. ஸ்பீடோமீட்டர் கேபிள் 30ஐத் தொட்டதும் டிக் டிக் என்று துடிக்கிறது, பின் பிரேக் கொஞ்சம் கீச்சிடுகிறது. அடுத்த ஞாயிறு அவை இரண்டும்.