விட்டே கேட்ட கூடுதல் நேரம்

பாதைப் பராமரிப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்கள் குழுத் தலைவரான மேட் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார். ரயிலை நிறுத்த ஏற்பாடு செய்யாமல், இரண்டு தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ் பிளேட்டின் போல்ட்டில் ஸ்பானரை வைக்காதே. முதலில் சிவப்புக் கொடி. பிறகு அகலப்பாதையென்றால் 1200 மீட்டர் தள்ளி 3 டெட்டனேட்டர், அதாவது சக்கரம் ஏறினால் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் வெடி. தண்டவாளத்தைத் தொடுவது அதற்கப்புறம்தான்.

பிற்காலத்தில் ரஷ்யாவின் நிதியமைச்சரான செர்கேய் விட்டேயின் வாழ்க்கையில் திலிகுல் விபத்தைப் படித்தபோது அந்தக் குரல்தான் காதில் விழுந்தது. 1875 டிசம்பர், கருங்கடல் ஓரத்து ஒதெஸ்ஸா ரயில்வே. உயரமான மண்கரை மேல் பாதை. மாற்றுவதற்காக ஒரு தண்டவாளத்தைக் கழற்றியிருக்கிறார்கள். பனிப்புயல் அடிக்கிறது. கொடி நடவில்லை, ஆளும் நிறுத்தவில்லை. வேலையாட்கள் குளிர்காய ஒதுங்கிவிட்டார்கள். படைக்குப் புதிதாக எடுத்த இளைஞர்களை ஏற்றிக்கொண்டு வந்த ரயில் கரையிலிருந்து உருண்டு எரிந்தது. பல உயிர்கள் போயின.

விட்டே அங்கே போக்குவரத்தைக் கவனித்தவர். 26 வயது. அவருக்கு 4 மாதச் சிறை விதித்தது நீதிமன்றம். அதற்குள் 1877இல் துருக்கிப் போர் வந்துவிட்டது. ஒதெஸ்ஸா வழியே துருப்புகளைத் தடையில்லாமல் அனுப்பி வைத்ததற்காகத் தண்டனையை 2 வாரமாகக் குறைத்தார்கள்.

இவர் ரயில்வேக்கு வந்த கதையே விசேஷம். 1849இல் திப்லிஸில் (இன்றைய ஜார்ஜியாவின் திபிலிசி) பிறந்தவர். தாய்வழிப் பாட்டி தல்கரூக்கி வம்சத்து இளவரசி. (அடையாறு பிரம்மஞான சபைக்குப் போனவர்களுக்குத் தெரிந்த பிளாவட்ஸ்கி அம்மையார் இவருடைய பெரியம்மா மகள்.) ஒதெஸ்ஸாவில் கணிதம் படித்து, பேராசிரியராக ஆசைப்பட்டார். பிரபு குலத்துப் பிள்ளைக்கு வாத்தியார் வேலை தகாது என்று வீட்டில் தடுத்தார்கள். போக்குவரத்து அமைச்சர் பாப்ரின்ஸ்கி கோமகன் சொல்லித்தான் ரயில்வேயில் சேர்ந்தார். சேர்ந்தவரை மேஜையில் உட்கார வைக்கவில்லை. டிக்கெட் கவுண்டர், சரக்கு அலுவலகம், உதவி ஸ்டேஷன் மாஸ்டர் என்று ஒவ்வொரு இடத்திலும் வேலை பார்க்க வைத்தார்கள். பிற்காலத்தில் எத்தனை அமைச்சர்கள் நடுவே உட்கார்ந்தாலும் அவர் பேச்சில் இருந்த உறுதிக்கு இந்தச் சில மாதங்கள்தான் காரணம் என்பது என் எண்ணம்.

1888. இப்போது அவர் கீவில், தென்மேற்கு ரயில்வேயின் மேலாளர். ஜார் மூன்றாம் அலெக்சாந்தரின் ரயில் அவர் பாதையில் போக வேண்டும். நீளமான, கனமான ரயில். இழுக்க இரண்டு சரக்கு எஞ்சின்கள். மேலிருந்து வந்த கால அட்டவணையோ பயணிகள் ரயிலின் வேகத்தைக் கேட்டது. கனத்த சரக்கு எஞ்சின் அந்த வேகத்தில் போனால் பக்கவாட்டில் ஆடும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தண்டவாளத்தை வெளிப்பக்கம் நெட்டும். அன்றைய ரஷ்யப் பாதையில் தண்டவாளம் இலேசு, ஸ்லீப்பர் மரம், கீழே ஜல்லிக்குப் பதிலாக மணல். ஆணி எவ்வளவு நேரம் பிடித்து நிற்கும்? பாதையில் கேஜ் பிடித்து தண்டவாளங்களின் இடைவெளியை அளந்த எவருக்கும் இது புரியும். விட்டே கூடுதல் நேரம் கேட்டார், கிடைத்தது. ஆனால் நிலையத்தில் ஜாருக்கு முகம் கடுத்துவிட்டது. மற்ற பாதைகளில் வேகமாகத்தானே போகிறேன், இங்கே மட்டும் என்ன என்று குறைப்பட்டுக்கொண்டார். மற்றவர்கள் எப்படியோ போகட்டும், பேரரசரின் கழுத்தை நான் முறிக்க மாட்டேன் என்று ஜாரின் காதுபடவே அமைச்சரிடம் சொன்னார் விட்டே.

அவ்வளவு பெரிய இடத்தில் அதைச் சொல்ல அவருக்கு எங்கிருந்து தைரியம் வந்தது? திலிகுல் கரையிலிருந்து என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் என் பிரிவிலும் ஒரு கரை உள்வாங்கியது. 20 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு போட்டு, ஓட்டுநர்களுக்கு அதை எழுத்தில் தெரிவிக்கும் காஷன் ஆர்டர் கொடுக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் மேலிடத்திலிருந்து போன். வண்டியெல்லாம் லேட், 50 ஆக்க முடியாதா என்றார்கள். முடியாது சார், கரை இன்னும் இறுகவில்லை என்றேன். பதில் வரவில்லை, போனை வைத்துவிட்டார்கள். எனக்குக் கொஞ்ச நேரம் கை நடுங்கியது. எதிரே போனில் இருந்தவர் ஒரு அதிகாரி, அவ்வளவுதான். விட்டேயின் எதிரே நின்றவர் ஜார்.

விட்டே அப்படிச் சொன்ன அதே 1888 அக்டோபரில், வேறொரு ரயில்வேயில், கார்கிவ் பக்கம் போர்க்கி என்ற இடத்தில், வேகமாகப் போன ஜாரின் ரயில் தடம் புரண்டது. 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த அரச குடும்பம் தப்பியது. விசாரணைக்கு நிபுணராக அழைக்கப்பட்ட விட்டே, காரணம் வேகம்தான் என்றார்.

பிறகு நடந்தது சரித்திரப் புத்தகங்களில் இருக்கிறது. 1892இல் நிதியமைச்சர், சைபீரிய ரயில் பாதை, 1897இல் தங்க நாணய முறை, 1905இல் ஜப்பானுடன் போர்ட்ஸ்மத் உடன்படிக்கை, கோமகன் பட்டம்.

எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய ஒரு சம்பவம். 1889இல் நிதியமைச்சகத்தின் ரயில்வே துறைக்கு அவரை ஜார் அழைத்தார். தென்மேற்கு ரயில்வே கம்பெனி கொடுத்த சம்பளத்துக்குப் பக்கத்தில்கூட அரசுச் சம்பளம் வராது: ஆண்டுக்கு 8,000 ரூபிள். இன்னொரு 8,000 ரூபிளைத் தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார், அன்று நிலையத்தில் முகம் கடுத்த அதே மூன்றாம் அலெக்சாந்தர்.